அச்சகமும் நாயனமும்

நாவலைப் பீரியட் படமாக எடுக்கப் போகிறோம் என்றதும் தயாரிப்பு அலுவலகத்தில் முதலில் வரும் கேள்வி, "பழைய கார் எத்தனை வேணும்?" என்பதுதான். அடுத்தது, "கதையில ரயில் வருதா?" பணம் போடுகிறவர் கேட்கத்தான் செய்வார், அதில் தப்பில்லை. ஆனால் காதல் கதையைப் பொறுத்தவரை நான் முதலில் போடும் கணக்கு வேறு. காதலிக்கிற இரண்டு பேரும் என்ன வேலை பார்த்தார்கள்? அந்த வேலை அவர்களை எப்படிச் சேர்த்தது, எங்கே பிரித்தது? இது பிடிபட்டுவிட்டால் அந்தக் காலம் தானாக வந்து உட்காரும். பிடிபடாவிட்டால் இருபது பழைய கார்களை வரிசையாக ஓடவிட்டாலும் வராது.

மதுரையில் பிறந்து வளர்ந்து, உதவி இயக்குநராகச் சென்னைக்குப் போய், பிறகு திரைக்கதை எழுத்தில் நிலைத்தவன் நான். நாவல்களைப் படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் தோதாக மாற்றித் தருவது என் பிழைப்பு. இந்தத் தொழிலில் எனக்குப் பாடப்புத்தகமாக இருந்த படம் 'தில்லானா மோகனாம்பாள்'. அதன் நாயனச் சத்தம் எங்கள் ஊரிலிருந்து போனது என்ற உரிமையும் எனக்கு உண்டு.

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 1950களின் பிற்பாதியில் எழுதிய தொடர் அது. கோபுலுவின் ஓவியங்களுக்காகவே வாரா வாரம் காத்திருந்தவர்கள் உண்டு. சுப்பு வெறும் எழுத்தாளர் இல்லை. ஜெமினி ஸ்டுடியோவில் இருந்தவர், 1953இல் 'ஔவையார்' படத்தை இயக்கியவர். அப்படிப்பட்டவர் எழுதிய கதை சுலபமாகப் படமாகிவிடும் என்று தோன்றும். உண்மையில் தொடர்கதைக்கு இருக்கும் சௌகரியமே திரைக்கதைக்கு இடைஞ்சல். வாரம் ஒரு ஊர், வாரம் ஒரு பெரிய மனிதர், நடுவில் நாடகக் கம்பெனி, சமஸ்தானம் என்று கதை காவிரிக் கிளைகள் மாதிரி பிரிந்து பிரிந்து போகும். ஏ.பி.நாகராஜன் அதை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கி, 1968 ஜூலை 27ஆம் தேதி திரைக்குக் கொண்டுவந்தார்.

அவர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்று பார்த்தால் ஒரு கணக்கு தெரியும். நாயனமும் சலங்கையும் மோதுகிற இடங்களையெல்லாம் வைத்துக்கொண்டார். ஆரம்பத்திலேயே கதாநாயகனான நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாண வெடி வெடிக்கிறார்கள். அவர் நாயனத்தைக் கீழே இறக்கிவிடுகிறார். கோபக்காரர், தன் வித்தையின் மேல் கர்வம் உள்ளவர் என்பதை யாரும் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு, நாட்டியக்காரி மோகனாம்பாளின் ஆட்டத்தைப் பார்க்க யாரும் போகக் கூடாது என்று தன் கோஷ்டிக்குச் சொன்ன அதே மனிதர் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்க்கிறார். ஆடிக்கொண்டிருக்கும் அவளுக்கு அது தெரிகிறது. அவருக்குத் தெரியட்டும் என்றே ஆடுகிறாள். நாவலாசிரியர் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதக்கூடிய மனநிலை அங்கே ஒரு தூணும் நாலு பார்வையுமாக முடிந்துவிடுகிறது. திரைக்கதை எழுதப் பழகுகிறவர்களிடம் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வேன்.

இதைவிட முக்கியமானது, சண்முகசுந்தரத்துக்குக் கத்திக்குத்துப் பட்ட பிறகு வரும் காட்சி. காயம் ஆறாத கையோடு அவர் வாசிக்கிறார், அவள் ஆடுகிறாள், ஆட்டத்திலேயே அவரை நலம் விசாரிக்கிறாள். கண்ணதாசன் வரி, கே.வி.மகாதேவன் மெட்டு, பி.சுசீலா குரல் என்று ஒவ்வொன்றும் பேசப்பட்டுவிட்டது. நான் கவனிக்கச் சொல்வது அந்தக் காட்சிக்கு அடியில் இருக்கும் நிர்ப்பந்தத்தை. அவளால் அவரிடம் நேரே போய், "வலிக்கிறதா?" என்று கேட்க முடியாது. பக்கத்தில் தாய் வடிவாம்பாள் இருக்கிறாள். மகளைப் பணக்காரர் ஒருவர் கையில் ஒப்படைப்பதுதான் அவள் எண்ணம். தேவதாசிக் குலத்தில் பிறந்த பெண்ணுக்குத் தன் மனம் போல் ஒருவனை வரித்துக்கொள்ளும் பாத்தியதை அன்று இல்லை. அவளுக்கென்று இருந்த ஒரே இடம் மேடை. ஆகவே சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவருக்கு மட்டும் புரியும்படி கேட்கிறாள். அவளுடைய வேலையே அவளுடைய தபால். அந்தக் காலம் முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது. பின்னால் நிற்கும் மாட்டுவண்டியை எடுத்துவிட்டாலும் அது அங்கேயே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேவதாசி முறையை ஒழித்த சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1947இல். சுப்பு எழுதியபோதே மோகனாம்பாளின் உலகம் மூடப்பட்டு ஏறக்குறைய பத்து வருடம் ஆகியிருந்தது. விகடன் வாசகர்கள் தங்கள் கண்ணெதிரே மறைந்த ஒன்றைத்தான் வாரா வாரம் படித்தார்கள். படம் வந்தபோது இன்னும் பத்து வருடம் கூடிவிட்டது. அதனால்தான் ஏ.பி.என். 'இது இன்ன வருடம்' என்று எங்கேயும் அழுத்திச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பார்ப்பவர்களின் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் தெரிந்த காலம் அது.

படத்தில் நாயனம் வாசித்தவர்கள் மதுரைச் சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமன், எம்.பி.என்.பொன்னுசாமி. திரையில் சிவாஜியும் ஏ.வி.எம்.ராஜனும். இரட்டை நாயனம் என்றால் இரண்டு பேரும் ஒரே மூச்சாக இருக்க வேண்டும்; ஒரே வீட்டில் வளர்ந்த வாசிப்புக்கு அது இயல்பாக வரும். வாசிப்பை முதலில் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு படப்பிடிப்பில் அதை ஓடவிட்டு நடிகர் விரலும் மூச்சும் சேர்ப்பார். கேட்பதற்கு எளிது. நாயனத்தில் விரலாவது பரவாயில்லை, தூரத்து ஷாட்டில் சமாளித்துவிடலாம். மூச்சுதான் காட்டிக்கொடுக்கும். தெற்கு மாசி வீதிப் பக்கம் குடியிருந்த வயதான நாயனக்காரர் ஒருவரிடம் வேறொரு படத்துக்காக நடிகரைப் பழக்க அழைத்துப் போயிருந்தேன். அவர் நாயனத்தைக் கையிலேயே கொடுக்கவில்லை. வாய் வைத்து ஊதும் சீவாளியை மட்டும் எடுத்து வாயில் போட்டு எச்சிலில் ஊறவைத்தார். அது பதமாகி வரும் வரை பேசாமல் இருந்தார். பிறகு கையிலெடுத்து, "தம்பி, மூச்சு வாங்குற எடத்துல பொய் சொல்ல முடியாது. கன்னம் உப்பினா வாசிக்கிறான்னு நெனைக்கிறாக. கழுத்தைப் பாருங்க, அடிவயித்தைப் பாருங்க" என்றார். அன்று முழுக்க அந்த நடிகர் சீவாளியை உதட்டில் பிடித்து ஊதக் கற்றுக்கொண்டார். மரத்தைத் தொட்டது மறுநாள்தான்.

அதற்குப் பிறகு 'தில்லானா'வை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். புதிதாகச் சேரும் உதவி இயக்குநர்களையும் அப்படித்தான் பார்க்கச் சொல்கிறேன். சத்தம் இல்லாமலே சிவாஜி எங்கே சங்கதியை முடிக்கிறார், எங்கே மூச்செடுக்கிறார், எங்கே பக்கத்து நாயனத்துக்கு இடம் விடுகிறார் என்பது தெரியும். அடிப்பதற்கு முன்பே டி.எஸ்.பாலையாவின் தோள் தவிலை நோக்கிச் சாய்வது தெரியும். நாட்டியம் முறையாகக் கற்ற பத்மினியின் காலில் தாளம் தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்கச் சொல்வேன். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் இந்தக் காதல் கதை எதன் மேல் நிற்கிறது என்று விளங்கும்.

நாவலிலிருந்து வந்த காதல் படங்கள் தமிழில் குறைவில்லை. கல்கியின் 'கள்வனின் காதலி' 1955இல் வந்தது, 'பார்த்திபன் கனவு' 1960இல். ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யை ராஜீவ் மேனன் 2000இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆக்கியபோது காலத்தையே நிகழ்காலமாக மாற்றிவிட்டார். ஆனால் வீடு கைவிட்டுப் போவது என்ற அந்த ஆங்கில நாவலின் அடிப்படைப் பயத்தைச் செட்டிநாட்டு வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். காதலுக்கான அந்தத் தடையைக் காப்பாற்றியதால் கதையும் பிழைத்தது. எங்கள் ஊர்ச் சரித்திரத்தைச் சொல்லும் சு.வெங்கடேசனின் 'காவல் கோட்ட'த்தில் ஒரு பகுதியை வசந்தபாலன் 2012இல் 'அரவான்' ஆக எடுத்தார். அது காதல் நாவல் அல்ல என்பதால் இங்கே விரிக்கவில்லை.

மதுரைக்கென்று ஒரு காதல் நாவல் உண்டென்றால், என்னைக் கேட்டால் அது நா.பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்'. கல்கி இதழில் 1960இல் தொடராக வந்தது. மதுரையில் தமிழாசிரியராக இருந்தவர் நா.பா. படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பூரணி அக்கா இருந்தார். பின்னால் தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது மு.க.ஸ்டாலின் அரவிந்தனாக நடித்தார். அந்த நாவலை ஒரு சினிமாவாக, 1950களின் கடைசி மதுரையாகவே எடுக்க வேண்டும் என்று ஓர் இயக்குநர் கேட்டதன்பேரில்தான் திரைக்கதையில் உட்கார்ந்தேன்.

நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், இதில் சம்பவம் குறைவு, மனசு அதிகம். தமிழ்ப் பேராசிரியர் அழகிய சிற்றம்பலம் இறந்துபோகிறார். தம்பிகளையும் தங்கையையும் கரையேற்றும் பாரம் மூத்த மகள் பூரணியின் தலையில் விழுகிறது. வேலை தேடி வெயிலில் அலைந்து, பசி மயக்கத்தில் நடுத்தெருவில் விழுகிறாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் அரவிந்தன் அவளைக் கவிதையாக எழுதுகிறான். இருவரும் கையைக்கூடப் பிடித்துக்கொள்வதில்லை. "இதுல லவ் எங்க சார் இருக்கு?" என்று கதை விவாதத்தில் ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. பதில் அச்சகத்தில் இருக்கிறது என்று சொன்னேன்.

அரவிந்தனின் பிழைப்பு எழுத்துக்களோடு. பூரணி தமிழறிஞரின் மகள். அப்பாவின் நூல்கள் அச்சேற வேண்டும். நாவலில் பின்னணியாக வரும் இந்தச் செய்தியைத் திரைக்கதையின் முதுகெலும்பாக்கினேன். திருப்பரங்குன்றத்து வீட்டுக்கும் நகரத்து அச்சகத்துக்கும் இடையே போய்வருவது புரூப் தாள். அவள் அப்பாவின் வரியில் ஒரு ஒற்று விட்டிருப்பதைத் திருத்தி அனுப்புவாள். அவன் அந்த வரியை மறுபடி கோத்து அனுப்புவான். தாள் ஓரத்தில் திருத்தக் குறிகளைத் தவிர வேறெதுவும் இருக்காது. ஒரு தடவை அவன் தேவையில்லாத இடத்தில் ஒரு பிழையை விட்டு அனுப்புகிறான், அவள் கை பட்டுத் திரும்பி வரட்டும் என்று. அவளுக்கு அது புரிந்துவிடுகிறது. திருத்துவதா வேண்டாமா என்று அன்று இரவு முழுக்க அந்தத் தாளோடு உட்கார்ந்திருக்கிறாள்.

இதை எழுதுவதற்கு முன்பு கையால் எழுத்துக் கோப்பது எப்படி என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மதுரையில் பழைய கம்பாசிட்டர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒருவர் எழுத்துக் கோக்கும் தன் ஸ்டிக்கை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். இடது கையில் ஸ்டிக், கட்டைவிரல் கடைசி எழுத்தை அணைத்துப் பிடித்திருக்கும். வலது கை எழுத்து அறைகள் உள்ள கேஸுக்குப் போய் எழுத்தை எடுக்கும். கண் எழுத்தைப் பார்க்காது, கையெழுத்துப் பிரதியைத்தான் பார்க்கும். "எழுத்தோட ஒடம்புல ஒரு பக்கம் சின்னக் கீறல் இருக்கும்ய்யா. வெரல் அதைத் தொட்டதும் எது மேல எது கீழன்னு தெரிஞ்சுரும்" என்று அவர் காட்டினார். வரி நிறைந்ததும் இடையில் ஈயத் தகடு. பக்கம் சேர்ந்ததும் நூலால் சுற்றிக் கட்டு. மை தடவி ஒரு புரூப். வேலை முடிந்தால் அத்தனை எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். அதில் ஒன்று அறை மாறினால் அடுத்த புத்தகத்தில் பிழை.

அவரிடம் ஒரு மதியம் இருந்ததில் எனக்கு ஒரு காட்சி கிடைத்தது. அவளுடைய அப்பாவின் புத்தகம் அச்சாகி முடிந்த பிறகு அரவிந்தன் அந்தப் பக்கங்களைக் கலைத்து எழுத்துக்களை அறைகளுக்குத் திரும்பப் போடுகிறான். வேறு யார் கையிலும் விடவில்லை. வசனம் இல்லை. இயக்குநர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தயாரிப்பாளரிடம் கார்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்.

கலைத்துறைக்கு நான் தந்த குறிப்பில் முதல் வரி எழுத்துச் சீர்திருத்தம். தமிழ்நாட்டில் அது அரசாணையாக வந்தது 1978இல். அதற்கு முன் லை, ணை, னை எல்லாம் மேலே சுழி ஏறிய பழைய வடிவம். ணா, றா, னா துணைக்கால் தனியாக இல்லாமல் சேர்ந்திருக்கும். அச்சகப் பலகை, சுவரொட்டி, கடைப்பெயர், தேர்தல் விளம்பரம் எல்லாவற்றிலும் அந்த வடிவம்தான் இருக்க வேண்டும். அச்சகத்தையே நடுநாயகமாக வைத்த கதையில் ஒரு 'லை' தவறினால் படமே பொய்யாகிவிடும். இரண்டாவது, காசு. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. அணாவும் நயா பைசாவும் கலந்து புழங்கிய காலம் அது. குடும்பத்தை நடத்தும் பெண் பூரணி. அவள் கடைக்காரரிடம் பழைய காசைப் புதுக்காசாகக் கணக்குப் பார்க்கும் ஒரு சின்ன இடம் வறுமையையும் வருடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

உடை விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. அரவிந்தனுக்குக் கதர். பூரணிக்குச் சுங்குடி, அதுவும் நம் சௌராஷ்டிரப் பெண்கள் விரலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது. அச்சில் புள்ளி குத்தியது கூடாது. முடிச்சுச் சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, கேமரா கிட்டே போனால் தெரியும். அரவிந்தனின் நண்பன் முருகானந்தம் தையற்காரன். அவன் கடையைப் புதுமண்டபத் தூண்களுக்கு நடுவில் வைத்தேன். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் தையல் மெஷின் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே செட் போட்டாக வேண்டும். அந்தச் செலவுக்கு நான் தயங்காமல் வாதாடினேன். சிற்பத்தின் காலடியில் பித்தான் டப்பாவும் சுண்ணாம்புக் கட்டியும் கிடப்பதைப் பார்க்காதவர்களுக்கு அந்த மதுரை தெரியாது.

பேச்சு பெரிய சோதனை. நா.பா.வின் மனிதர்கள் தூய தமிழில் பேசுவார்கள். தாளில் அது கம்பீரம், திரையில் மேடை நாடகமாகிவிடும். இன்றைய படங்களில் வரும் அரிவாள் மதுரைப் பேச்சும் அவர்களுக்கு ஒட்டாது. நான் வைத்துக்கொண்ட முறை இது: பூரணி மேடையில் சொற்பொழிவு செய்யும்போது நா.பா.வின் தமிழை அப்படியே விட்டேன். வீட்டில் தங்கையிடம், "வெளக்கப் பொருத்திட்டியாம்மா?" என்றுதான் பேசுவாள். அரவிந்தனிடம் மட்டும் இரண்டும் இல்லாத ஒரு நடுத்தமிழ், கொஞ்சம் தயங்கித் தயங்கி வரும். அவர்கள் நெருங்க நெருங்க அது வீட்டுப் பேச்சுப் பக்கம் நகரும். முழுசாக வீட்டுப் பேச்சாகும்போது அரவிந்தன் படுக்கையில் இருப்பான்.

அவன் இறந்துபோவதுதான் பேச்சுவார்த்தை இழுபட்ட இடம். கிராமத்தில் நோய் பரவியபோது தொண்டு செய்யப் போய், அந்தக் காய்ச்சலிலேயே அவன் போய்விடுகிறான். மணமாகாத பூரணி அவனை நினைத்தே வாழ்ந்துவிடுகிறாள். "சாவு வேணாம் சார், 'தில்லானா' சுபமாத்தானே முடியுது" என்றார் பணம் போடுகிறவர். சண்முகசுந்தரமும் மோகனாவும் சேர்வது, இரண்டு வித்தையும் ஒன்றுக்கொன்று தலைவணங்கிய பிறகு. அவர்களின் தடை கர்வம். கர்வம் உடைந்தால் கல்யாணம். பூரணிக்கும் அரவிந்தனுக்கும் நடுவே அப்படி உடைபட எதுவும் இல்லை. ஊருக்கு உழைப்பது என்று இரண்டு பேரும் எடுத்துக்கொண்ட சங்கல்பம்தான் அவர்களைச் சேர்க்கிறது, அதுவே பிரிக்கிறது. அவனைப் பிழைக்கவைத்தால் அந்தச் சங்கல்பம் வெறும் பேச்சாகிவிடும். சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பதினைந்து வருடங்களில் இளைஞர்கள் நிஜமாகவே அப்படி நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் இந்தப் படத்தின் பீரியட். இதை நான் விட்டுக்கொடுக்கவில்லை, இயக்குநரும் என் பக்கம் நின்றார்.

இப்போது மிச்சமிருப்பது கொடைக்கானல் பகுதி. இருவரும் குறிஞ்சி பூத்த மலையைப் பார்க்கும் இடம் நாவலுக்கே பெயர் தந்த இடம். குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கிறது. கடைசியாகக் கொடைக்கானல் மலைகளில் பரவலாகப் பூத்தது 2018இல். அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030. மலைச்சரிவைக் கம்ப்யூட்டரில் நீலமாக்கித் தருகிறோம் என்று ஒரு கிராபிக்ஸ் கம்பெனி மாதிரி காட்டியது. நன்றாகவே இருந்தது. ஆனாலும் மதுரைப் பகுதியை முதலில் எடுத்துவிட்டு, மலையை மட்டும் 2030க்கு நிறுத்திவைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நடிகர்களுக்கு இடையில் கூடும் வயது கதைக்கும் பொருந்தும். தயாரிப்பாளர் வட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.